ஏற்காட்டு ஏற்றத்தில் ஆடும் முள்: பழைய காரின் மீட்டர்களை எப்படி நம்புவது?

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் சாலை தூரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அதிலும் ஏற்றம் என்று சொல்லத்தக்கது எல்லாம் அடிவாரத்துக்கு மேலேதான். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். இன்றைய கார்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, ஏசியைப் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டபடி ஏறிவிடலாம். ஆனால் ஒரு பழைய அம்பாசடரோ, ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, ஃபியட்டோ வைத்திருப்பவர்களுக்கு அடிவாரம் ஒரு கேள்வி கேட்கும் இடம். "முன்னாடி இருக்கிற அந்த முள்ளை நம்பி ஏறலாமா?"

பழைய கார் வைத்திருக்கும் பலரிடம் ஒரு பேச்சு உண்டு. "அது அப்படித்தான் ஆடும் சார், கண்டுக்காதீங்க." பெட்ரோல் முள் பாதிக்கும் காலிக்கும் நடுவில் ஊசலாடும். சூட்டு முள் வளைவுக்கு வளைவு ஏறி இறங்கும். ஸ்பீடோமீட்டர் 20க்கும் 40க்கும் நடுவில் துள்ளும். சமவெளியில் இந்தப் பேச்சு ஓடிவிடும். மலையில் ஓடாது. முள்ளே இல்லாத வண்டியை ஓட்டுபவர் ஜாக்கிரதையாக இருப்பார், பாதி வழியில் நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்ப்பார். பார்த்துப் பார்த்துப் பழகி, பொய் சொல்கிறது என்று முடிவுகட்டிய முள்ளை வைத்திருப்பவர், அது ஒரு நாள் உண்மையைச் சொல்லும்போதும் கண்டுகொள்ள மாட்டார். அதனால்தான் ஆடும் முள்ளைச் சரிசெய்வது அழகு வேலை இல்லை, இன்ஜினைக் காப்பாற்றும் வேலை என்று நினைக்கிறேன்.

நல்ல செய்தி என்னவென்றால், முள் ஆடும் விதத்தை வைத்தே கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். மீட்டரைக் கழற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

உங்கள் மீட்டர் எந்த வகை?

பழைய கார்களின் பெட்ரோல் மீட்டரில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று சுருள் வகை. உள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள் காந்தமாகி ஒரு சிறு இரும்புத் துண்டை இரண்டு பக்கமும் இழுக்கும். எந்தப் பக்கம் இழுப்பு அதிகமோ அந்தப் பக்கம் முள் சாயும். பேட்டரி வோல்டேஜ் கூடினால் இரண்டு இழுப்பும் சேர்ந்தே கூடும், அதனால் அளவு மாறாது. ஆனால் இந்த வகைக்குப் பொறுமை கிடையாது. டேங்கில் பெட்ரோல் அலம்பினால் மிதவை ஆடும், மிதவை ஆடினால் முள்ளும் அதே வேகத்தில் ஆடும். கொண்டை ஊசி வளைவில் இது நடந்தால் கோளாறு எதுவும் இல்லை, அதன் பிறவிக் குணமே அதுதான்.

இந்த ஆட்டத்தைத் தவிர்க்க வந்தது இரண்டாவது வகை, சூட்டு வகை. இதற்குள் ஒரு இரட்டை உலோகப் பட்டை இருக்கும். வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை அது, சூடேறினால் வளையும். அதைச் சுற்றி மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். கம்பியில் கரன்ட் போனால் பட்டை சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளும். சூடேறவும் ஆறவும் நேரம் ஆகும் என்பதால் டேங்கில் பெட்ரோல் அலம்பினாலும் முள் நிதானமாக நிற்கும். பிரிட்டிஷ் கார்களில் 1960களில் இந்த வகை பரவலானது. அந்தக் கார்களின் வழி வந்த நம் ஊர் வண்டிகளிலும் இதைப் பார்க்கலாம். சென்னையில் 1961 முதல் தயாரான ஹெரால்டு அப்படிப்பட்ட ஒரு வழித்தோன்றல்தான்.

ஆனால் 50, 60 வருட வண்டியில் என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்? புத்தகத்தைப் பார்ப்பதைவிட முள்ளையே கேட்பது நல்லது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். முள் சட்டென்று குதித்து நின்றால் சுருள் வகை. சோம்பல் முறிப்பதுபோல மெதுவாக ஏறி, பல நொடிகள் கழித்து நின்றால் சூட்டு வகை.

சூட்டு மீட்டரில் மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. இன்ஜினிலிருந்து மீட்டர் போர்டு வரை ஒரு மெல்லிய செம்புக் குழாய் போகும். இன்ஜின் பக்கக் குமிழில் இருக்கும் திரவம் சூடேறி ஆவியாக, அந்த அழுத்தம் குழாய் வழியாக வந்து மீட்டருக்குள் வளைந்திருக்கும் தட்டைக் குழாயை நிமிர்த்தும். பிரெஞ்சுக்காரர் போர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற அதே உத்தி. இதில் கரன்டுக்கு வேலையே இல்லை. அந்தக் குழாயை ஒயர் என்று நினைத்து வெட்டிவிட்டால் மீட்டர் போச்சு. கழற்றும்போதும் மடக்கக் கூடாது.

பத்து வோல்ட் கதை

சூட்டு வகைக்கு ஒரு பலவீனம் உண்டு. பட்டையின் சூடு வோல்டேஜைப் பொறுத்தது, அதுவும் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. காரில் வோல்டேஜ் ஒரே நிலையில் இருக்காது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது 12 வோல்ட்டுக்குப் பக்கம், வேகமாக ஓடி டைனமோ நன்றாகச் சார்ஜ் செய்யும்போது 14 வோல்ட். 12இன் வர்க்கம் 144, 14இன் வர்க்கம் 196. டேங்கில் இருக்கும் பெட்ரோல் மாறாமலேயே மீட்டருக்குள் சூடு 36 சதவீதம் கூடிவிடும்.

இதைத் தடுக்கத்தான் மீட்டர் போர்டின் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகர டப்பா வைத்தார்கள். அதன் பெயர் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருப்பதன் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. இதற்குள்ளும் ஒரு இரட்டை உலோகப் பட்டை, அதைச் சுற்றி ஒரு கம்பி, முனையில் ஒரு தொடுபுள்ளி. கரன்ட் வந்ததும் பட்டை சூடாகி வளைந்து தொடுபுள்ளியைப் பிரிக்கும். கரன்ட் நிற்கும். ஆறியதும் மறுபடி தொடும். இப்படி விட்டு விட்டு முழு வோல்டேஜையும் அனுப்பும்.

பார்த்தால் இது முரட்டு வேலையாகத் தெரியும். 10 வோல்ட் என்று டப்பாவின் பேரில் சொல்கிறார்கள், ஆனால் உள்ளே ஒரு நொடிகூட 10 வோல்ட் இருப்பதில்லை. ஒன்று முழுதாக இருக்கும், இல்லாவிட்டால் பூஜ்யம். ஆனாலும் கணக்கு சரியாக வருகிறது. 14 வோல்ட் வரும்போது ஏறக்குறைய பாதி நேரம் திறந்து பாதி நேரம் மூடினால் கிடைக்கும் சூடு, நிலையான 10 வோல்ட் தரும் சூட்டுக்குச் சமம். 12.5 வோல்ட் வரும்போது 64 சதவீத நேரம் இணைப்பு இருந்தால் போதும். இந்த நேரத்தை யாரும் கணக்கிட்டுச் சொல்லவில்லை. வோல்டேஜ் கூடினால் ஸ்டெபிலைசரின் பட்டை சீக்கிரம் சூடாகி சீக்கிரம் பிரிகிறது, அவ்வளவுதான். மீட்டருக்கும் தேவை சூடு, ஸ்டெபிலைசரும் அளப்பது சூடு. ஒரே பாஷை பேசும் இரண்டு பேர்.

டப்பா கெட்டால் மலையில் என்ன நடக்கும்?

தொடுபுள்ளி ஒட்டிக்கொண்டு பிரியாமல் போகலாம். அல்லது டப்பாவுக்கு எர்த் கிடைக்காமல் போகலாம். எர்த் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பியில் கரன்ட் ஓடாது, பட்டை வளையாது, தொடுபுள்ளி மூடியபடியே இருக்கும். இரண்டிலும் விளைவு ஒன்றுதான். 10க்குப் பதிலாக 12 முதல் 14 வோல்ட் நேராக மீட்டருக்குப் போகும். 14 வோல்ட்டில் மீட்டருக்குள் சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இப்போது அடிவாரத்திலிருந்து ஏறும் வண்டியை நினைத்துப் பாருங்கள். வளைவுக்கு முன் வேகம் குறைகிறது, இன்ஜின் தணிகிறது, வோல்டேஜ் இறங்குகிறது, முள்ளும் கொஞ்சம் இறங்குகிறது. வளைவில் முதல் கியர் போட்டு மிதிக்கிறீர்கள். இன்ஜின் உறுமுகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, சற்று நேரத்தில் சூட்டு முள்ளும் ஏறுகிறது. பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? "ஏத்தத்துல வண்டி சூடாகுது." உண்மையில் மீட்டர் அளந்துகொண்டிருப்பது டைனமோவை. இதை வைத்து ரேடியேட்டரைக் கழற்றி, தண்ணீர் பம்பை மாற்றி, பணத்தைச் செலவழித்தாலும் முள் மாறாது.

பிடிகொடுக்கும் அடையாளம் ஒன்றுதான். அந்த நேரத்தில் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். மலை ஏறும்போது பெட்ரோல் கூடாது. இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. அதாவது ஸ்டெபிலைசர் அல்லது அதன் எர்த். ஒரு முள் மட்டும் ஆடினால் அந்த முள்ளின் சொந்த ஒயரிலோ, டேங்க் அல்லது இன்ஜின் பக்கத்து அளவி யூனிட்டிலோ தேட வேண்டும்.

எந்த வரிசையில் சோதிப்பது?

முதலில் எர்த். பழைய வண்டியின் மின்சாரக் கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான் கிடைக்கும். டேங்க் யூனிட் பாடி வழியாக எர்த் எடுக்கிறது. சூட்டு யூனிட் இன்ஜின் பிளாக் வழியாக எடுக்கிறது, இன்ஜினோ ஒரு பின்னல் பட்டை வழியாகப் பாடியோடு சேர்கிறது. துரு, பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு எது குறுக்கே வந்தாலும் மின்தடை கூடும், சூட்டு வகை மீட்டர் குறைத்துக் காட்டும், குண்டும் குழியுமான ரோட்டில் விட்டு விட்டு விழும். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி இறுக்கிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் சூடாகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். சூடானால் இன்ஜினின் எர்த் பட்டை வேலை செய்யவில்லை, ஸ்டார்ட்டரின் கரன்ட் கேபிள் வழியாகப் போகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது ஸ்டெபிலைசர். அது சாய்ந்தோ படுத்தோ இருக்கக் கூடாது, நேராக, மேல் என்று குறித்த பக்கம் மேலே இருக்கும்படி பொருத்த வேண்டும். உள்ளே சூட்டை வைத்து வேலை செய்வதால் வைக்கும் நிலை மாறினால் அளவும் மாறும். வெளிவரும் முனையில் ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்பை வையுங்கள். சில நொடிகள் கழித்து விட்டு விட்டு எரிந்தால் டப்பா உயிரோடு இருக்கிறது. விடாமல் எரிந்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது எர்த் இல்லை. எரியவே இல்லை என்றால் கரன்ட் வரவில்லை அல்லது உள்ளே அறுந்திருக்கிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரில் இதை அளக்கப் போனால் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முள் வைத்த பழைய மல்டிமீட்டர்தான் இதற்குத் தோது.

மூன்றாவது அளவி யூனிட். சூட்டு வகை மீட்டரில் விதி சுலபம்: ஒயர் அறுந்தால் முள் காலியில் அல்லது குளிரில் விழும், ஒயர் எர்த்தைத் தொட்டால் ஃபுல் அல்லது அதிசூட்டுக்கு ஏறும். யூனிட்டிலிருந்து ஒயரைக் கழற்றி, இன்னொருவரை முள்ளைப் பார்க்கச் சொல்லி, ஒயரை பாடியில் தொடுங்கள். முள் மெதுவாக ஏறத் தொடங்கினால் ஒயரும் மீட்டரும் நல்லவை, யூனிட்தான் குற்றவாளி. முள் மேலே போய் முட்டும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், உள்ளே கம்பி கருகிவிடும். பழைய சுருள் வகை பெட்ரோல் மீட்டரில் இது தலைகீழ்: எர்த் தொட்டால் காலி, ஒயரைக் கழற்றினால் ஃபுல். அதனால்தான் ஒரு வகை மீட்டரோடு இன்னொரு வகை டேங்க் யூனிட்டைச் சேர்த்தால் ஒருநாளும் பொருந்தாது. பழைய சாமான் கடையில் மீட்டர் வாங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் டேங்க் பக்கத்தில் தீப்பொறி வரக் கூடாது. அங்கே தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்யாமல், ஒயர் முன்பக்கம் இணையும் இடத்தில் செய்யுங்கள். யூனிட்டை வெளியே எடுப்பதாக இருந்தால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

ஸ்டெபிலைசர்தான் கெட்டது என்று உறுதியானால், பழையதைத் தேடி அலைய வேண்டியதில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 7810 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் போதும். உள்ளே வரும் பக்கம் 0.33 மைக்ரோஃபாரட், வெளியே போகும் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்து, அதன் முதுகுத் தகட்டைப் பாடியில் திருகிவிட்டால் எர்த்தும் ஆச்சு, சூடு தணியவும் வழி ஆச்சு. பழைய டப்பாவைக் காலி செய்து அதற்குள்ளேயே இதை வைப்பவர்களும் உண்டு, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இது நெகட்டிவ் எர்த் வண்டிகளுக்கு மட்டும். பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருப்பதும் உண்டு, அதற்கு 7910 வேண்டும். அதில் கால்களின் வரிசை வேறு, முதுகுத் தகடும் எர்த் கிடையாது, அதனால் பாடியைத் தொடாமல் இன்சுலேஷன் வைத்தே பொருத்த வேண்டும்.

முள் உண்மையைச் சொல்லும்போது

எல்லா ஆட்டமும் பொய் இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்ட வண்டிகள் நிறைய. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரின் சூட்டை ஒரே அளவில் பிடித்துவைக்க ஆள் இல்லை. ஏறும்போது சூடு கூடும், இறங்கும்போது குறையும். அந்த முள் ஆடுவது முழு உண்மை. அப்போது பெட்ரோல் முள் கூடச் சேர்ந்து ஆடாது என்பதைக் கவனியுங்கள்.

இதில் மிக ஆபத்தானது ஏறிய முள் இல்லை, திடீரென்று இறங்கிய முள். சூட்டு யூனிட் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டை அளக்கும். ஹோஸ் கிழிந்தோ, கொதித்து வழிந்தோ தண்ணீர் மட்டம் யூனிட்டுக்குக் கீழே போய்விட்டால் அதைச் சுற்றி இருப்பது ஆவியும் காற்றும்தான். முள் ஆடும், பிறகு இறங்கவும் செய்யும். பாதி மலையில், வெகுநேரம் சிவப்புப் பக்கம் இருந்த முள் சட்டென்று கீழே வந்தால் "அப்பாடா, ஆறிடுச்சு" என்று தோன்றும். ஏற்றத்தில் மிதித்துக்கொண்டிருக்கும்போது இன்ஜின் தானாக ஆறுவதற்குக் காரணமே இல்லை. அது ஓரங்கட்டி நிறுத்த வேண்டிய நேரம். நிறுத்தாவிட்டால் ஹெட் கேஸ்கெட் போகும், சில நேரம் ஹெட்டே வளையும்.

உயரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் சேலத்தில் 99 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும், ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் இந்த இழப்பு தெரியாது. பழைய வண்டிகளில் வழக்கமான 7 பவுண்டு மூடியே கொதிநிலையை 10 டிகிரிக்கு மேல் உயர்த்திவிடும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அந்த 10 டிகிரியும் போச்சு. சமவெளியில் பயமில்லாமல் தெரிந்த அதே முள் நிலை, இருபதாவது வளைவில் கொதிக்கும் நிலையாக மாறியிருக்கும். மலைக்குப் போகுமுன் மூடியைப் பார்ப்பது மீட்டரைப் பார்ப்பதற்குச் சமம். சூடாக இருக்கும்போது மட்டும் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

துள்ளும் ஸ்பீடோமீட்டர்

இது தனி ஜாதி. கியர் பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்று வந்து மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தை மூடியபடி, ஆனால் அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம். சுழலும் காந்தம் கிண்ணத்தில் மின்சுழல்களை உண்டாக்கி அதையும் இழுக்கும், ஒரு மெல்லிய சுருள்வில் திருப்பி இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது.

முள் துள்ளினால் முதலில் கேபிள்மேல் சந்தேகப்படுங்கள். உள்கம்பி காய்ந்துபோனாலோ எங்காவது நெளிந்திருந்தாலோ ஒரு இடத்தில் சிக்கும், பிறகு முறுக்கு சேர்ந்து ஒரே தாவாக விடுபடும். மெதுவாகப் போகும்போதுதான் இது நன்றாகத் தெரியும், அதனால்தான் வளைவுகளில் துள்ளுகிறது. உள்கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து வளைவாகத் தொங்கவிடுங்கள். ஒரு முனையை விரலால் உருட்டினால் மறு முனை அதே சீராக உருள வேண்டும். நின்று நின்று குதித்தால் கம்பி நெளிந்திருக்கிறது, மாற்ற வேண்டியதுதான். நன்றாக இருந்தால் லேசாக கிரீஸ் தடவுங்கள், ஆனால் மீட்டர் பக்கத்து முனையில் ஒரு சாண் அளவுக்குத் தடவாமல் விடுங்கள். கிரீஸ் ஏறி மீட்டருக்குள் போனால் கிண்ணம் காந்தத்தோடு ஒட்டிச் சுழன்று, 30இல் போகும் வண்டி 100 என்று காட்டும். திரும்பப் பொருத்தும்போது கேபிளை எங்கேயும் சட்டென்று மடக்காமல் அகலமான வளைவாக விடுங்கள்.

இத்தனைக்கும் தேவைப்படும் சாமான்கள் ஒரு டெஸ்ட் லேம்ப், உப்புத்தாள், கொஞ்சம் கிரீஸ், ஒரு மல்டிமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். வேலை முடிந்ததும் மலைக்குப் போகுமுன் வீட்டு வாசலிலேயே ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் இரண்டு நிமிடம் விட்டு இரண்டு முள்ளும் எங்கே நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். பெட்ரோல் முள் இருந்த இடத்திலேயே நின்றால் மீட்டருக்குப் போகும் கரன்ட் சரி. அதற்கப்புறம் அடிவாரம் தாண்டி சூட்டு முள் அசைந்தால், அது சொல்வதைக் கேட்டு வண்டியை ஓரங்கட்டுங்கள்.